பையில் பைனாகுலர்... கண்ணில் பால்வீதி!

குட்டீஸ்... உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? சென்னை, மதுரை, கோவை மாதிரி பெரிய ஊர் என்றால், நூறு எண்ணி முடிப்பதற்குள் நட்சத்திரம் தீர்ந்து போகும்! இதுவே தெருவிளக்கு எட்டாத மலைக்கிராமம், அமாவாசை இரவு என்றால்... 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் ஒரே நேரத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். வெள்ளை மேகம் போல பால்வீதி வானத்தின் குறுக்கே ஓடும்.

இரண்டு இடத்திலும் வானம் ஒன்றுதான். நம் ஊர் விளக்குகளின் வெளிச்சம் மேலே போய், காற்றில் உள்ள தூசியில் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுக்கச் செய்துவிடுகிறது. அந்த வெளுப்பில் மங்கலான நட்சத்திரங்கள் மறைந்து போகின்றன. ஆகவே, நிஜமான வானத்தைப் பார்க்க, இருட்டைத் தேடிப் போக வேண்டும்.

போகும்போது கையில் என்ன கொண்டு போவது? 'அப்பா, டெலஸ்கோப் வாங்கித் தாங்க' என்று கேட்பதற்கு முன் இதைப் படியுங்கள். அப்பா, அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். சில ஆயிரம் ரூபாய் வீணாகாமல் தப்பிக்கும்!

விஞ்ஞானிகளே தூக்கிக்கொண்டு போனார்கள்!

இருட்டின் அருமை விஞ்ஞானிகளுக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் 1927-ல் பிறந்த வேணு பாப்பு என்ற வானியல் அறிஞர், இந்தியாவில் நல்ல ஆய்வுக்கூடம் அமைக்க இடம் தேடினார். தெற்கு வானம் நன்றாகத் தெரிய வேண்டும், நகர வெளிச்சம் எட்டக் கூடாது. இப்படித் தேடிக் கண்டுபிடித்த இடம்தான், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1968-ல் அங்கே முதலில் வேலை செய்யத் தொடங்கியது, 38 செ.மீ. விட்டமுள்ள சிறிய டெலஸ்கோப்தான். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய டெலஸ்கோப் 1986-ல்தான் வந்தது.

கவனித்தீர்களா? முதலில் இருட்டைப் பிடித்தார்கள். பெரிய கருவி பிறகு வந்தது. நமக்கும் அதே வழிதான்!

பெட்டி மேல் 525 மடங்கு!

கடைக்குப் போனால், பளபளவென்று ஒரு பெட்டி கண்ணில் படும். மேலே வண்ண வண்ணமாகச் சனிக் கிரகத்தின் படம். '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே 60 மி.மீ. லென்ஸ் உள்ள குழாயும், ஒல்லியான மூன்று கால்களும் இருக்கும். உஷார்!

டெலஸ்கோப்பின் முதல் வேலை பெரிதாக்குவது அல்ல, வெளிச்சத்தைச் சேர்ப்பது. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும், ஓர் அண்டாவையும் வையுங்கள். எதில் அதிகத் தண்ணீர் சேரும்? அண்டாவில்தானே! ஏனென்றால் அதன் வாய் பெரிது. நட்சத்திர வெளிச்சமும் மழை போலத்தான். நம் கண்ணின் பாப்பா நல்ல இருட்டில் சுமார் 7 மி.மீ. அகலம் வரை விரியும். அது டம்ளர். 50 மி.மீ. லென்ஸ், அதைப்போல 50 மடங்கு வெளிச்சத்தைப் பிடிக்கும். அது அண்டா! 50-ஐ 7-ஆல் வகுத்து, வரும் விடையை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

சரி, 525 மடங்கு பெரிதாக்கினால் என்ன தப்பு? ஊதாத பலூனில் பேனாவால் ஒரு பூ வரைந்து, பிறகு ஊதிப் பாருங்கள். பூ பெரிதாகும், ஆனால் மை வெளிறிப் போகும், கோடுகள் மங்கிவிடும். வந்த வெளிச்சம் கொஞ்சம். அதை எவ்வளவு இழுத்தாலும் புதிதாக எதுவும் தெரியாது. லென்ஸின் விட்டம் எத்தனை மி.மீ. என்று பார்த்து, அதை இரண்டால் பெருக்குங்கள். 60 மி.மீ. என்றால் 120 மடங்கு. அதற்கு மேல் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது விளம்பரம்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 100 மடங்கு பெரிதாக்கினால், காற்றில் கால்கள் ஆடும் ஆட்டமும் 100 மடங்காகும். நிலா கண்ணுக்குள் நிற்காமல் குதிக்கும். நான்கு நாள் போராடிவிட்டு, ஐந்தாம் நாள் அந்த டெலஸ்கோப் பரணுக்குப் போய்விடும். கூடவே, 'வானம் பார்ப்பதெல்லாம் நமக்கு வராது' என்ற எண்ணமும் வந்துவிடும். பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

ஜன்னலுக்குள் இருந்தே ஜெயித்த ஆசிரியர்

'சின்னக் கருவியை வைத்து என்ன சாதிக்க முடியும்?' என்று கேட்கிறீர்களா? இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆல்காக் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது பகல் வேலை. பெரிய பைனாகுலரில் வானத்தைத் துழாவுவது இரவு வேலை. 1959-ல் ஐந்தே நாள் இடைவெளியில் இரண்டு வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து உலகத்தை அசத்தினார்.

1983 மே மாதம், வீட்டுக்குள் இருந்தபடியே, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாகப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு வால் நட்சத்திரம் சிக்கியது. ஒரு செயற்கைக்கோளும், ஜப்பானைச் சேர்ந்த அராக்கி என்பவரும்கூட அதைக் கண்டுபிடித்திருந்தனர். அதனால் அதற்கு 'ஐராஸ்-அராக்கி-ஆல்காக்' என்று மூன்று பெயர் சேர்த்து வைத்தனர். அது பூமிக்கு சுமார் 47 லட்சம் கி.மீ. அருகே வந்து போனது. வால் நட்சத்திரக் கணக்கில் அது அடுத்த தெரு!

அதோடு விட்டாரா? 1991-ல், 78 வயதில், சாதாரண 10×50 பைனாகுலரால், திடீரெனப் பிரகாசமாகும் 'நோவா' நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ரகசியம் என்ன தெரியுமா? சுமார் 30 ஆயிரம் நட்சத்திரங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை மனப்பாடமாக வைத்திருந்தார். புதிதாக ஒன்று முளைத்தால், நம் வகுப்பில் புதுப் பையன் வந்து உட்கார்ந்தது போல உடனே தெரிந்துவிடும்!

முதல் கருவி பைனாகுலர்தான்

ஆகவே, வெளியூருக்குத் தூக்கிச் செல்ல முதலில் வாங்க வேண்டியது நல்ல பைனாகுலர். அதன் மேல் 7×50, 10×50 என்று எழுதியிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன் லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில்.

பெரிய பிள்ளைகளுக்கு 7×50 அல்லது 10×50 ஏற்றது. எடை ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். கை வலிக்கும் சின்னக் குட்டீசுக்கு 7×35 அல்லது 8×40 போதும். 'ஜூம்' வைத்த பைனாகுலரும், சட்டைப் பையில் போடும் 8×21 பைனாகுலரும் இரவு வானத்துக்குச் சரிப்படாது.

கடையிலேயே நான்கு சோதனை செய்யுங்கள்:

1. தூரத்தில் உள்ள கோபுரத்தையோ செல்போன் டவரையோ பாருங்கள். இரண்டு இரண்டாகத் தெரிந்தால் வேண்டவே வேண்டாம். அதில் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும்.

2. நடுவில் மடக்கி, இரண்டு குழாய்களையும் நெருக்குங்கள். சிறுவர்களின் கண்கள் பெரியவர்களைவிட நெருக்கமாக இருக்கும். உங்கள் கண்ணுக்கு இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும்.

3. பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்குங்கள். கண் வைக்கும் பக்கத்தில் சின்ன ஒளி வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால், உள்ளே உள்ள முப்பட்டகம் மட்டமானது.

4. முன் லென்ஸ் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் கண்ணாடி போல மின்னுகிறதா? பார்க்க அழகுதான். ஆனால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். லேசான பச்சை அல்லது ஊதா சாயல் இருப்பதே மேல்.

பார்வைக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்கள், அதைப் போட்டபடியே ஒரு முறை பாருங்கள். பைனாகுலரின் ரப்பர் மூடியை மடக்கினால் முழு வட்டமும் தெரிய வேண்டும்.

நடுங்காமல் பிடிப்பது எப்படி?

நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், நட்சத்திரங்கள் ஆடும். பாயை விரித்து மல்லாந்து படுங்கள். முழங்கைகளை மார்போடு ஒட்டி வையுங்கள். அல்லது மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றுங்கள். கேமரா முக்காலி வீட்டில் இருந்தால், பைனாகுலரை அதில் மாட்ட உதவும் வளைந்த இரும்புத் துண்டு ஒன்று கடைகளில் கிடைக்கும். அதை மாட்டினால் வியாழன் கிரகத்தின் பக்கத்தில் அதன் பெரிய நிலாக்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். 1610-ல் கலிலியோ பார்த்து அதிசயித்த அதே நான்கு நிலாக்கள்!

தெருவோர டெலஸ்கோப் தாத்தா

பைனாகுலரில் பழகி, வானம் பிடிபட்ட பிறகும் ஆசை அடங்கவில்லையா? அப்போது டெலஸ்கோப்புக்குப் போகலாம். அதற்கு முன் ஜான் டாப்சன் கதையைக் கேளுங்கள்.

1915-ல் சீனாவின் பெய்ஜிங்கில் பிறந்தவர். அமெரிக்காவில் வளர்ந்து, 1944-ல் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். துறவியிடம் பணம் ஏது? பழைய கப்பலின் வட்ட ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் குழி ஆடியாக மாற்றினார். அட்டைக் குழாயில் பொருத்தினார். பீரங்கி போல மேலும் கீழும், பக்கவாட்டிலும் திரும்பும் ஒரு மரப்பெட்டியில் வைத்தார். அவ்வளவுதான், பெரிய டெலஸ்கோப் ரெடி! சக்கரம் வைத்துத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போய், போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவையும் சனியையும் காட்டினார்.

1967-ல் அவர் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆனால் வானத்தை விடவில்லை. மறு ஆண்டே, தெருவோர வானியலாளர் குழு ஒன்று அவருடைய முயற்சியில் உருவானது. 2014-ல், 98 வயதில் மறைந்தார். ஒல்லிக்கால்கள் இல்லாத, ஆட்டம் காணாத அந்த வகை டெலஸ்கோப்புக்கு இன்றும் 'டாப்சோனியன்' என்றுதான் பெயர்.

எந்த டெலஸ்கோப் நம்மோடு ஊருக்கு வரும்?

* 70 அல்லது 80 மி.மீ. குட்டைக் குழாய் லென்ஸ் டெலஸ்கோப்: குழாய் முதுகுப் பையில் அடங்கும், பஸ்ஸில் போகலாம். நிலாவின் பள்ளங்கள், சனியின் வளையம் தெரியும். ஆனால் கால் உறுதியானதாக இருக்க வேண்டும்.

* 100 முதல் 130 மி.மீ. வரை உள்ள மேஜை டாப்சோனியன்: 130 மி.மீ. கருவி சுமார் 6, 7 கிலோ இருக்கும். கண்ணைப்போல 340 மடங்குக்கும் மேலாக வெளிச்சம் சேர்க்கும்! ஸ்டூல் மேலோ, திண்ணை மேலோ வைத்துப் பார்க்கலாம். ஆட்டோ, கார் பயணத்துக்கு ஏற்றது.

* 200 மி.மீ. டாப்சோனியன்: காட்சி அபாரம்! ஆனால் எடை 20 கிலோவைத் தாண்டும். பெரியவர் ஒருவரும், ஒரு காரும் வேண்டும். நண்பர்கள் சேர்ந்தோ, பள்ளி அறிவியல் மன்றம் சார்பிலோ வாங்க ஏற்றது.

எதை வாங்கினாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதை நானே தூக்கி, வாசல் வரை கொண்டு போய், பத்து நிமிடத்தில் நிறுத்த முடியுமா?' முடியும் என்றால் அது உங்களுக்கான கருவி. முடியாது என்றால் அது பரணுக்கான கருவி!

ஒரு விஷயம்... நிலா, வியாழன், சனி மூன்றும் நல்ல பிரகாசம். இவற்றை நகரத்து மாடியிலிருந்தே பார்க்கலாம். மங்கலான பால்வீதி, நெபுலா, கேலக்ஸி இவற்றுக்குத்தான் இருட்டு கட்டாயம். அங்கே 50 மி.மீ. பைனாகுலர் காட்டுவதை, நகரத்தில் பெரிய டெலஸ்கோப்பும் காட்டத் திணறும்.

பையில் வேறு என்ன வேண்டும்?

* சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டாலும் பழகியது போச்சு! சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது. செல்போனில் வான வரைபடம் பார்த்தால், அதையும் சிவப்புத் திரையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

* பாய், போர்வை, ஸ்வெட்டர், தண்ணீர். மலையில் மாசி மாதத்திலும் குளிரும்.

* உலர்ந்த மென்மையான துணி, சிலிக்கா ஜெல் பொட்டலம். பனியில் நனைந்த லென்சை அப்படியே பெட்டியில் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பிறகே மூடுங்கள். லென்சைச் சட்டைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள்.

* நோட்டு, பென்சில். பார்த்ததை வரைந்து தேதி போட்டு வையுங்கள்.

* எல்லாவற்றையும்விட முக்கியமாக, துணைக்குப் பெரியவர் ஒருவர். இருட்டில் தனியாகப் போகவே கூடாது.

நம் ஊர் வானத்தில் என்ன பார்க்கலாம்?

தை, மாசி: வேட்டைக்காரன் போலத் தெரியும் ஓரியன் கூட்டத்தில், இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அதை ஒட்டித் தொங்கும் வாளின் நடுவே ஒரு புகைத் திட்டு தெரியும். அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன! கண்ணுக்கு ஆறு, ஏழாகத் தெரியும் கார்த்திகை, பைனாகுலரில் டஜன் கணக்கில் மின்னும். தை முன்னிரவில் வடமேற்கே ஆண்ட்ரமீடா கேலக்ஸி. அதன் வெளிச்சம் புறப்பட்டு நம்மிடம் வந்து சேர 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

சித்திரை, வைகாசி: மே மாதத்தின் நடுவில், இரவு 10 மணி வாக்கில் தெற்கு நோக்கி நில்லுங்கள். சித்திரை நட்சத்திரம் உயரத்தில் இருக்கும். அதிலிருந்து நேர் கீழே, கையை நீட்டி மூன்றரை முஷ்டி தூரம் அளந்து, அங்கே பைனாகுலரைத் திருப்புங்கள். பஞ்சு உருண்டை போல ஒன்று தெரியும். அதுதான் ஒமேகா சென்டாரி. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த பந்து! ஆல்காக் தாத்தா அவருடைய ஊரிலிருந்து எவ்வளவு தேடினாலும் இதைப் பார்த்திருக்க முடியாது. இங்கிலாந்தில் அது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தெற்கே பிறந்த நமக்குக் கிடைத்த பரிசு இது.

ஆடி, ஆவணி: மேகம் வழிவிட்டால், தெற்கே விருச்சிகம். சிவந்த கேட்டை நட்சத்திரத்தில் தொடங்கி, மூலம் உள்ள தேள்வால் வரை மெதுவாக நகருங்கள். கொடுக்குக்கு அருகே இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள் வைரம் கொட்டியது போல ஜொலிக்கும்.

இருட்டையும் காப்பாற்றணும்!

லடாக்கில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே என்ற இடம் இருக்கிறது. அங்கே வானியல் ஆய்வுக்கூடம் உண்டு. 2022-ல் அந்தப் பகுதியை 'இருள்வானக் காப்பகம்' என்று அறிவித்தார்கள். புலிக்குக் காப்பகம் இருப்பது போல, இருட்டுக்கும் காப்பகம்! வீட்டு விளக்குகளுக்கு மறைப்புப் போட்டு, வண்டி வெளிச்சத்தையும் குறைக்கிறார்கள். ஊர் மக்களில் சிலருக்குப் பயிற்சி அளித்து, டெலஸ்கோப்பும் கொடுத்திருக்கிறார்கள். வருகிற விருந்தாளிகளுக்கு வானத்தைக் காட்டுவது அவர்கள் வேலை.

நம்மாலும் முடிந்தது உண்டு. மொட்டை மாடி விளக்கைத் தேவையில்லாதபோது அணைக்கலாம். வாசல் விளக்குக்குக் கீழ்நோக்கிய மூடி போடலாம். மின்சாரமும் மிச்சம், நட்சத்திரமும் மிச்சம்!

கண்டிப்பாக நினைவில் வையுங்கள்: பைனாகுலராலோ டெலஸ்கோப்பாலோ சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடியில் கண் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். பகலில் கருவியை மூடியே வையுங்கள். தம்பி, தங்கை கையில் கொடுக்காதீர்கள்.

என்ன குட்டீஸ், காலண்டரில் அடுத்த அமாவாசை எப்போது என்று பார்த்துவிட்டீர்களா? அதை ஒட்டி விடுமுறை வந்தால், பாட்டி ஊருக்குக் கிளம்புங்கள். பைனாகுலர் இன்னும் வாங்கவில்லையா? பரவாயில்லை. பாயை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாளுக்கு உங்கள் இரண்டு கண்களே போதும்!